பெறுநர் யார்? – 1855ஆம் ஆண்டின் சித்திரவதை விசாரணையும் நம் காலமும்



சென்ற பள்ளி விடுமுறையில் என் முன்னாள் மாணவன் ஒருவனின் தாயார் இல்லம் தேடி வந்தார். லாபிஸ் பட்டணத்திலிருந்து சற்றுத் தள்ளி, செம்பனைத் தோட்டத்து ஓரத்தில் குடியிருப்பவர். மகன் வேறோர் ஊரில் வேலை பார்த்து வந்தான். ஏதோ ஒரு திருட்டு வழக்கில் சந்தேகத்தின் பேரில் பிடிபட்டு, சில நாள் தடுப்புக் காவலில் இருந்து, குற்றம் ஏதும் சாட்டப்படாமல் வெளியே வந்திருந்தான். உள்ளங்கால் வீங்கியிருந்தது என்றும், இரவில் தூக்கத்தில் அலறுகிறான் என்றும் தாயார் கூறினார். "டீச்சர், நீங்கதான் ஒரு மனு எழுதிக் குடுக்கணும்" என்றார்.

தாளை எடுத்து அமர்ந்தேன். 'அனுப்புநர்' எழுதியாயிற்று. 'பெறுநர்' என்று எழுதிய பிறகு கை நின்றுவிட்டது.

"யாருக்கு எழுதட்டும் அக்கா?"

"அந்த ஸ்டேஷன்லயே குடுக்கச் சொல்றாங்க டீச்சர். அடிச்ச இடத்துலயே போயி, அடிச்சாங்கன்னு சொல்லவா?"

ஆண்டுதோறும் பிள்ளைகளுக்குக் கடிதம் எழுதக் கற்பிக்கின்றோம். அனுப்புநர் இடப்பக்கம், பெறுநர் அதன் கீழ், நாள், விளி, கையொப்பம். படிவம் பிழையின்றி அமைந்தால் மதிப்பெண் கொடுக்கின்றோம். பெறுநர் என்ற இடத்தில் எவர் பெயரை எழுதுவது என்பதே ஒரு குடும்பத்தின் தலையாய சிக்கலாகக்கூடும் என்பதை அன்றுதான் உணர்ந்தேன். இந்தக் கேள்வி புதியதன்று. நம் முன்னோர் கப்பலேறி வந்த அதே சென்னை மாகாணத்தில் ஏறத்தாழ 170 ஆண்டுகளுக்கு முன் இதே கேள்வி எழுந்து, அதற்கென ஒரு விசாரணைக் குழுவே அமர்ந்தது. அதைப் பற்றித்தான் இவ்விடுகை.

கிழக்கிந்தியக் கம்பெனியின் ஆட்சிக் காலம் அது. சென்னை மாகாணத்தில் பெரும்பகுதி நிலங்களுக்கு ரயத்துவாரி முறையில் உழவனிடமிருந்து நேராக வரி தண்டப்பட்டது. வரி தண்டும் பொறுப்பு தாசில்தாரிடம் இருந்தது. 1816ஆம் ஆண்டு விதிகளுக்குப் பிறகு காவல் பொறுப்பும் அவரிடமே இருந்தது. கிஸ்தி கட்டாதவனைப் பிடித்து வைப்பவரும் அவர் ஆளே. களவு போனால் கள்ளனைப் பிடித்து உண்மையை வரவழைப்பவரும் அவர் ஆளே. ஒரே கையில் இரண்டு சாட்டை. அந்தக் கை என்ன செய்தது என்பதை ஊரார் அனைவரும் அறிந்திருந்தனர். சென்னைக் கோட்டையில் இருந்தவர்கள் மட்டும் அறியாதவர்போல் இருந்தனர்.

1852இல் கஜுலு லட்சுமிநரசு செட்டியார் என்னும் வணிகர் சென்னைவாசிகள் சங்கத்தை நிறுவினார். 'கிரசண்ட்' என்ற ஆங்கில இதழை அதற்கு முன்பே நடத்தி வந்தவர். கம்பெனியின் பட்டயத்தைப் புதுப்பிக்கும் பேச்சு இலண்டனில் நடந்துகொண்டிருந்த வேளையில், சங்கம் தன் குறைகளை மனுவாக நாடாளுமன்றத்துக்கு அனுப்பியது. மனுவோடு செட்டியார் நின்றுவிடவில்லை என்பதுதான் எனக்கு வியப்பு. 1853இல் சென்னைக்கு வந்த டான்பி சீமோர் என்ற ஆங்கில நாடாளுமன்ற உறுப்பினரை மாவட்டங்களுக்கு அழைத்துச் சென்று, உழவர்களையே அவரிடம் பேச வைத்தார். சீமோர் தாயகம் திரும்பி, 1854 ஜூலையில் காமன்ஸ் சபையில் தாம் கண்டதையும் கேட்டதையும் கூறினார். கம்பெனியின் பக்கத்தார் மறுத்தனர். மறுத்தாலும் வாளாவிருக்க முடியவில்லை. அவ்வாண்டின் பிற்பகுதியில் சென்னை அரசு ஓர் ஆணைக்குழுவை அமைத்தது.

குழுவில் மூவர். எலியட், ஸ்டோக்ஸ், ஜான் புரூஸ் நார்ட்டன். நார்ட்டன் வழக்கறிஞர், கம்பெனி ஆட்சியின் குறைகளை அச்சிட்டே வெளியிட்டவர். ஸ்டோக்ஸ் கம்பெனியின் குடிமைப் பணி அதிகாரி. எலியட்டோ சென்னை நகரின் தலைமை மாஜிஸ்திரேட்டும் காவல் துறைக் கண்காணிப்பாளரும் ஆவார்! (சென்னையில் பெசன்ட் நகரை ஒட்டியுள்ள எலியட்ஸ் கடற்கரை அவர் பெயரைத் தாங்கியதே என்பர்.) காவலர் மீதான புகாரை விசாரிக்கும் குழுவில் காவல் துறையின் தலைவர். இதைப் படித்தவுடன் எனக்குச் சிரிப்பும் சினமும் ஒருங்கே வந்தன.

எனினும் அவர்களுக்கு உரிய பெருமையைக் கொடுக்கத்தான் வேண்டும். புகார் உள்ளோர் தாசில்தாரைத் தாண்டி நேரே தங்களிடம் வரலாம், அல்லது எழுதலாம் என்று அவர்கள் அறிவித்தனர். கேட்க ஒரு காது கிடைத்தது. மூன்றே மாதத்தில் 1,959 புகார்கள் வந்து குவிந்தன. அவற்றுள் 519 பேர் நேரில் வந்து நின்றவர்கள், 1,440 கடிதங்கள். புகைவண்டி ஓடத் தொடங்காத காலம் என்பதை நினைவிற் கொள்க. தொலைவிலுள்ள மாவட்டங்களிலிருந்து கட்டுச்சோற்றோடு நடந்து வந்து, வெள்ளைக்காரர் மூவர் முன் நின்று, தன் உடம்பில் நேர்ந்ததை வாய் திறந்து சொல்ல எத்தனை துணிவு வேண்டியிருந்திருக்கும்! எழுத்தறிந்தோர் மிகச் சிலரே இருந்த நாளில் அந்த 1,440 கடிதங்களில் பெரும்பாலானவற்றை எழுதிக் கொடுத்தவர் யாராக இருக்கும்? ஊர்க் கணக்கரோ, திண்ணைப் பள்ளி வாத்தியாரோ என்று எண்ணிப் பார்க்கின்றேன். அப்படி எழுதிக் கொடுத்தவருக்கும் அச்சம் இருந்திருக்கும்.

1855 ஏப்ரலில் வெளிவந்த அறிக்கை கொடுமைகளைப் பெயர் சொல்லிப் பட்டியலிடுகின்றது. பிள்ளைகள் படிக்கும் பக்கமாதலால் எல்லாவற்றையும் ஈண்டு எழுதப் போவதில்லை. இரண்டை மட்டும் குறிப்பிடுகிறேன். ஒன்று 'கிட்டி'. இரண்டு கழிகளுக்கு இடையே விரல்களை வைத்து நெரிப்பது. மற்றொன்று 'அண்ணாந்தாள்'. ஒருவனை அவன் மேல்துணியாலோ கயிற்றாலோ கழுத்துக்கும் கால்விரலுக்குமாகச் சேர்த்துக் கட்டி, குனிந்த நிலையிலேயே வெயிலில் நிறுத்துவது. ஆங்கில அறிக்கையிலும் இச்சொற்கள் தமிழ்ச் சொற்களாகவே நிற்கின்றன. மொழிபெயர்க்க அவர்களுக்குச் சொல் கிட்டவில்லை போலும். அண்ணாந்தாள் என்ற சொல்லை நான் முதலில் அறிந்தது காவல் நிலையத்தோடு தொடர்புபடுத்தி அன்று. பழைய திண்ணைப் பள்ளித் தண்டனைகளைப் பற்றிப் படிக்கையில் கோதண்டத்தோடு சேர்த்து இதையும் படித்திருக்கின்றேன். அன்றைய வாத்தியாரும் அன்றைய சேவகனும் ஒரே சொல்லைப் பயன்படுத்தினார்கள் என்பது நம் தொழிலுக்குப் பெருமை தரும் செய்தி அன்று.

அறிக்கையின் மிக முக்கியமான பகுதி, என் கருத்தில், இந்தக் கொடுமைப் பட்டியல் அன்று. பாதிக்கப்பட்டோர் இதுகாறும் ஏன் முறையிடவில்லை என்பதற்கு அது கூறும் விளக்கமே. கலெக்டர் தொலைவில் இருப்பார். போய்வரப் பணம் வேண்டும், உழவு கெடும். இவற்றையெல்லாம் பொறுத்துக்கொண்டு மனுவைக் கொண்டுபோய்க் கொடுத்தாலும், வழக்கமான மேலெழுத்தோடு அம்மனு தாசில்தாருக்கே விசாரணைக்கு அனுப்பப்படும் என்ற அச்சம் மக்களிடம் இருந்தது. அதாவது, எவர் மீது புகாரோ அவரிடமே புகார் போய்ச் சேரும். மனுக் கொடுத்தவன் அதற்குள் ஊர் திரும்பியிருப்பான்; தாசில்தாரும் ஊரில்தான் இருப்பார். இரண்டாண்டு கழித்து, 1857 செப்டம்பரில், இலண்டனில் வாழ்ந்த கார்ல் மார்க்ஸ் அமெரிக்க நாளிதழ் ஒன்றில் இவ்வறிக்கையைப் பற்றிக் கட்டுரை எழுதியபோது அவரும் இந்த இடத்தைத்தான் சுட்டிக் காட்டினார்.

இதைப் படித்தபோது என் வகுப்பறை நினைவுக்கு வந்தது. மறைக்காமல் கூறிவிடுகிறேன். சில ஆண்டுகளுக்கு முன் மூன்றாம் ஆண்டு மாணவன் ஒருவன், வகுப்புத் தலைவன் தன்னைக் கிள்ளுவதாக வந்து கூறினான். நான் தேர்வுத் தாள் திருத்திக் கொண்டிருந்தேன். தலை நிமிராமலே வகுப்புத் தலைவனை அழைத்து, "என்னவென்று பாரப்பா" என்றேன். அவன் பார்த்தான்! அதன்பின் அந்தச் சிறுவன் எந்தப் புகாரோடும் என்னிடம் வரவில்லை. வகுப்பு அமைதியாகிவிட்டது என்று மகிழ்ந்திருந்தேன். பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் அவன் அம்மா தனியே அழைத்து, பிள்ளையின் முன்கையைக் காட்டியபோதுதான் அந்த அமைதியின் பொருள் விளங்கிற்று. புகார் வரவில்லை என்றால் குறை இல்லை என்று பொருள் கொள்ளும் அதிகாரியை நான் குறைகூறத் தகுதியற்றவள்.

மீண்டும் 1855க்கு வருவோம். கொடுமை நடப்பது உண்மையே, வரி தண்டவும் குற்றத்தை ஒப்புக்கொள்ள வைக்கவும் மாகாணம் முழுவதும் இது வழக்கத்தில் உள்ளது என்று குழு உறுதிப்படுத்தியது. காவலையும் வரியையும் பிரிக்குமாறு பரிந்துரைத்தது. அந்த அளவில் நன்று. ஆனால் பழி முழுவதையும் கீழ்நிலை உள்ளூர்ப் பணியாளர் தலையில் ஏற்றி, மேலிருந்த ஆங்கில அதிகாரிகளை விடுவித்தது. இத்தனை வரி வேண்டும் என்று மேலிருந்து நெருக்கியவர் யார் என்ற வினாவைக் குழு அழுத்திக் கேட்கவில்லை. விசாரித்தவர் எந்த மேசையில் அமர்ந்திருந்தாரோ அந்த மேசைக்கு மேலே அவர் விரல் நீளவில்லை.

ஆயினும் பயன் விளைந்தது. 1859இல் சென்னைக் காவல் சட்டம் வந்து, வரித்துறையிலிருந்து வேறான காவல் துறை அமைந்தது. 1861இல் இந்தியா முழுமைக்குமான காவல் சட்டம். காவலரிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலத்தை நீதிமன்றத்தில் சான்றாகக் கொள்ளலாகாது என்ற விதியும் அதே ஆண்டில் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் நுழைந்து, 1872ஆம் ஆண்டு சாட்சியச் சட்டத்தில் நிலைபெற்றது. அடித்து வாங்கிய சொல்லுக்கு விலை இல்லையென்றால் அடிப்பதற்கும் காரணம் குறையும் அல்லவா? அச்சட்டத்தை முன்மாதிரியாகக் கொண்டதே நம் நாட்டின் 1950ஆம் ஆண்டுச் சாட்சியச் சட்டம். வாக்குமூலம் பெறுவதற்காக ஒருவரைக் காயப்படுத்துவது குற்றம் என்னும் பிரிவு 2024 வரை நடப்பிலிருந்த இந்தியத் தண்டனைச் சட்டத்தில் 330. மலேசியத் தண்டனைச் சட்டத்திலும் அதே எண் 330. ஆக, நம் தாத்தா பாட்டிமார் பால்மரம் வெட்ட வந்ததுபோலவே அச்சட்டங்களும் கடல் கடந்து இங்கு வந்தன.

கேள்வியும் கூடவே வந்தது. கங்காணி கொடுமை செய்தால் துரையிடம் சொல்ல வேண்டும், துரைக்குத் தமிழ் தெரியாவிட்டால் கங்காணிதான் எடுத்துச் சொல்வார் என்று என் பாட்டி சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். சிரிப்புக்குரியது அன்று என்பது வளர்ந்த பிறகே எனக்குப் புரிந்தது.

நம் காலத்துக்கு வருவோம். 2004 பிப்ரவரியில் அன்றைய பிரதமர் அப்துல்லா அகமட் படாவி காலத்தில், அரச மலேசியக் காவல் படையைச் சீரமைக்க ஓர் அரச ஆணையம் அமைக்கப்பட்டது. தலைவர் முன்னாள் தலைமை நீதிபதி துன் முகமட் ட்சைடின் அப்துல்லா. துணைத் தலைவர் துன் ஹனிஃப் ஓமார். இருபது ஆண்டுகள் நாட்டின் காவல் படைத் தலைவராக இருந்தவர். எலியட்டை எண்ணிக் கொண்டேன். ஆனால் இம்முறை என் ஐயம் பொய்த்தது. 2005 மே மாதத்தில் வெளியான அறிக்கை 125 பரிந்துரைகளை முன்வைத்தது. அவற்றுள் தலையாயது, காவலர் மீதான புகார்களைக் காவல் படைக்கு வெளியே நின்று விசாரித்து நடவடிக்கையும் எடுக்கவல்ல சுயேச்சையான ஆணையம் வேண்டும் என்பது. ஐபிசிஎம்சி என்று நாளேடுகளில் நாம் படித்துப் படித்துப் பழகிய சொல் அதுவே. 2000 முதல் 2004 வரை காவலில் நேர்ந்த 80 மரணங்களுள் ஆறுக்கு மட்டுமே மரண விசாரணை நடந்தது என்ற செய்தியும் அவ்வறிக்கை தந்ததே. காவல் துறையை உள்ளிருந்து அறிந்தவர் ஒருவர் துணைத் தலைவராக இருந்த ஆணையமே இத்தகைய பரிந்துரையைச் செய்தது என்பதை, இது காவலரைப் பழிக்கும் பேச்சு என்று கருதும் நண்பர்களுக்கு நான் அடிக்கடி நினைவூட்டுவதுண்டு. என் மாணவர்களுள் காவலர் வீட்டுப் பிள்ளைகளும் உளர். நேர்மையான காவலருக்கும் அத்தகைய ஆணையமே காப்பு.

பரிந்துரை பரிந்துரையாகவே கிடந்தது. 2009 ஜனவரி 20ஆம் நாள் சுபாங் ஜெயா தைப்பான் காவல் நிலையத்தில் ஏ. குகன் என்ற இளைஞர் இறந்தார். நுரையீரலில் நீர் கோத்ததால் மரணம் என்றது முதல் பிரேதப் பரிசோதனை. குடும்பத்தார் ஏற்கவில்லை. உடலை மலாயாப் பல்கலைக்கழக மருத்துவமனைக்குக் கொண்டு சென்றனர். அங்கு நடந்த இரண்டாம் பரிசோதனை உடலெங்கும் காயங்கள் இருந்ததையும், தசைகள் சிதைந்து சிறுநீரகம் செயலிழந்ததையும் பதிவு செய்தது. அதே உடல், பார்த்த கண் வேறு. இவ்விரண்டாவது கண் இல்லாதிருந்தால் நாம் இன்று குகன் என்ற பெயரையே அறிந்திருக்க மாட்டோம். காவலர் ஒருவர் மீது மட்டும், மேலே கூறிய 330, 331 ஆகிய பிரிவுகளின் கீழ் வழக்குத் தொடுக்கப்பட்டது. 2012இல் அவருக்கு மூன்றாண்டுச் சிறை விதிக்கப்பட்டது. குகனின் தாயார் தொடுத்த உரிமையியல் வழக்கில் 2013 ஜூன் மாதம் உயர்நீதிமன்றம் அவருக்கு 8 இலட்சத்து 1,700 ரிங்கிட் இழப்பீடு வழங்கத் தீர்ப்பளித்தது. ஒரு தாய் நான்காண்டு நடந்து பெற்ற விடை அது.

இடையில் 2011இல் அமலாக்க நிறுவனங்களின் நேர்மையைக் கண்காணிக்கும் ஆணையம் செயல்படத் தொடங்கியது. அதற்குக் காவல் படையோடு வேறு பல துறைகளும் சேர்ந்த பெருஞ்சுமை. 2013இல் கோலாலம்பூரில் காவலில் இறந்த என். தர்மேந்திரன் விவகாரத்தை விசாரித்து, காவலரின் வன்முறையே காரணம் என்று அவ்வாணையம் கண்டறிந்தது. குற்றம் சாட்டப்பட்டிருந்த காவலர்களோ நீதிமன்றத்தில் அதற்கு முன்பே விடுவிக்கப்பட்டிருந்தனர். பின்னர் 2019இல் ஐபிசிஎம்சி மசோதா ஒன்று வந்தது; ஆட்சி மாறியது; 2020இல் அதன் இடத்தில் வேறொரு மசோதா வந்தது. 2022இல் நிறைவேறி, 2023 ஜூலை 1 முதல் நடப்புக்கு வந்ததே ஐபிசிசி எனப்படும் காவல் நடத்தை சுயேச்சை ஆணையம். முதற்பெயரில் இருந்த ஓர் எழுத்துப் போயிற்று. போன எழுத்து சிறிதன்று. இவ்வாணையம் புகாரைப் பெறலாம், விசாரிக்கலாம்; ஒழுங்கு நடவடிக்கை எடுக்க இயலாது. கண்டறிந்ததைக் காவல் படை ஆணையத்துக்கு அனுப்ப வேண்டும். அதன் தலைவர் உள்துறை அமைச்சர். காவல் படைத் தலைவரும் அதில் ஓர் உறுப்பினர். தடுப்புக் காவல் அறையைப் பார்வையிடச் செல்வதென்றாலும் முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும். 'வழக்கமான மேலெழுத்து' என்று 1855இல் எழுதியது என் காதில் மீண்டும் ஒலிக்கின்றது.

சிறைச்சாலைகளும் இவ்வினாவிலிருந்து தப்பவில்லை. 2025 ஜனவரி 17ஆம் நாள் தைப்பிங் சிறையில் கைதிகள் தாக்கப்பட்டதாக எழுந்த புகார் குறித்து, மனித உரிமை ஆணையமான சுஹாகாம் பொது விசாரணையே நடத்தியது. அன்றைய நிகழ்வில் கைதி ஒருவர் உயிரிழந்திருந்தார். சிறையில் இருப்பவரே வந்து அமர்ந்து, தமக்கு நேர்ந்ததைத் தம் வாயால் கூற, அதை நாடே கேட்டது. 519 பேர் சென்னையில் நின்ற அந்த நாட்களை இது எனக்கு நினைவூட்டியது.

அந்தத் தாயாரின் மனுவுக்கு வருகிறேன். மாலை வரை எழுதினோம். பெறுநர் என்ற இடத்தில் இரண்டு பெயர்கள்: ஐபிசிசி, சுஹாகாம். காவல் நிலையப் புகாரும் தேவைப்படும் என்பதால் அதை வேறொரு நிலையத்தில் கொடுக்கச் சொன்னேன். அதற்கு முன் பையனை அரசு மருத்துவமனைக்கு அழைத்துப் போய், காயம் ஆறுவதற்குள் மருத்துவரின் குறிப்பை வாங்கச் சொன்னேன். பெற்றோர்கள் இதை அறிந்து வைத்திருத்தல் நலம்: கைதான ஒருவரை 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும். அங்கு, அடித்தார்கள் என்றால் அதை அவரிடம் அப்போதே கூறலாம். காவலர் அல்லாத முதல் காது அதுவே. வழக்கறிஞர் அமர்த்த வசதி இல்லையேல் தேசிய சட்ட உதவி அறநிறுவனத்தின் வழக்கறிஞரை நாடலாம். மனுவின் படி ஒன்றை எப்போதும் கையில் வைத்திருங்கள்.

எழுதி முடித்ததை வாசித்துக் காட்டினேன். "உள்ளங்கால் என்று எழுதியிருக்கீங்களா டீச்சர்?" என்று கேட்டார். ஆம், எழுதியிருந்தேன். எந்தக் கால், எந்த நாள், ஏறத்தாழ எத்தனை மணி என்பதையும் சேர்க்குமாறு அவரே கூறினார். சேர்த்தேன். பையன் கையொப்பமிட்டான். ஆறாம் ஆண்டில் நான் எழுதக் கற்றுக் கொடுத்த அதே கோணல் எழுத்து. மறுநாள் காலை லாபிஸ் அஞ்சலகத்தில் பதிவுத் தபாலில் சேர்த்துவிட்டு, இரசீதுகளைத் தாயாரிடம் கொடுத்தேன். கைக்குட்டையில் முடிந்து வைத்துக் கொண்டார்.

அன்புடன்,
லாபிஸிலிருந்து உங்கள் ஆசிரியை